கடையை மூடாமலே கடையை மாற்றுவது எப்படி? அமெரிக்கப் பெருங்கடைகளின் ரீமாடல், படிப்படியாக

போன வாரம் வரை காபித்தூள் இருந்த இடத்தில் இந்த வாரம் நாய்த் தீவனம் இருக்கிறது. பால் எடுக்கப் போனால் வழியில் பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. ஊழியரைக் கேட்டால் அவரும் கையில் இருக்கும் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அமெரிக்காவில் வசிப்பவர்கள் பலரும் வால்மார்ட்டிலோ டார்கெட்டிலோ ஒரு முறையாவது இப்படி நின்றிருப்பார்கள்.

இது எப்போதோ ஒருமுறை நடப்பது இல்லை. வால்மார்ட் 2023-இல், இரண்டு ஆண்டுகளில் 1,400-க்கும் அதிகமான கடைகளைப் புதுப்பிக்க 900 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியிலேயே, வரும் 12 மாதங்களில் 650 கடைகளில் வேலை நடக்கும் என்றது. இவற்றில் பெரும்பாலான கடைகள் வேலை நடக்கும்போதும் திறந்தே இருக்கும். பகலில் வியாபாரம், இரவில் இடமாற்றம்.

நான் டெக்சாஸில் இரண்டு ஆண்டுகள் இப்படிப்பட்ட இரவுக் குழுக்களில் வேலை பார்த்தவன். அந்த வேலையின் வரிசையை இங்கே எழுதுகிறேன். ரீமாடல் குழுவில் சேரப்போகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். சொந்தமாக மளிகைக் கடை வைத்திருந்து, ஒரு நாள்கூட மூடாமல் அதை மாற்றியமைக்க நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

சின்ன வயதில் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் 15 எண் கட்டைகளை நகர்த்தி விளையாடியிருப்போம். பதினாறாவது கட்டம் காலியாக இருக்கும். அந்த ஒரு காலிக் கட்டம் இல்லையென்றால் எந்தக் கட்டையும் நகராது. ரீமாடலும் அப்படித்தான். எவ்வளவு பெரிய கடையானாலும், முதலில் ஒரு காலி இடத்தை உண்டாக்க வேண்டும். பிறகு அந்தக் காலி இடத்தைக் கடை முழுக்க நடத்திக் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

படி 1: எதற்காக மாற்றுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"பழசாகிவிட்டது" என்பது மட்டும் காரணமாக இருந்தால் பெயின்ட் அடித்தால் போதும். அலமாரிகளை நகர்த்துவதற்கு வேறு காரணம் வேண்டும்.

கடந்த பத்து ஆண்டுகளில் பெரிய காரணம் இணைய ஆர்டர்தான். டார்கெட்டின் விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல், இணையத்தில் வந்த ஆர்டர்கள் உட்பட, கடைகளிலிருந்தே நிறைவேற்றப்படுகிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அதாவது கடையே கிடங்காகவும் இருக்கிறது. 2017-இல் ஹூஸ்டன் அருகே ரிச்மண்டில் டார்கெட் திறந்த மாதிரிக் கடையில் இரண்டு வாசல்கள் வைத்தார்கள். ஒன்று அவசரமாக வந்து ஆர்டரை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. இன்னொன்று நின்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு. 2022-இல் கேட்டி நகரில் திறந்த கடையை ஏறக்குறைய 1,50,000 சதுர அடிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வழக்கமான கடையைவிட அது சுமார் 20,000 சதுர அடி அதிகம். ஆர்டர்களை எடுத்து அடுக்க உதவும் பின்னறை அதில் பல மடங்கு பெரிது.

இன்னொரு காரணம் வழி தெரியாமல் அலைவது. வால்மார்ட் 2020-இல் கொண்டுவந்த வடிவமைப்பில் விமான நிலையப் பலகைகளை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பிரிவுக்கு ஓர் எழுத்து, வரிசைக்கு ஓர் எண். அதே முகவரிதான் செயலியிலும் வரும்.

காரணம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வால்மார்ட்டே சாட்சி. 2008 வாக்கில் 'புராஜெக்ட் இம்பாக்ட்' என்ற பெயரில் கடைகளைச் சுத்தமாக, விசாலமாக ஆக்கினார்கள். நடுப்பாதையில் பேலட் பேலட்டாக (சரக்கு அடுக்கும் தட்டையான மரச்சட்டம்தான் பேலட்) குவிந்திருந்த சரக்கை அகற்றினார்கள், பொருள் வகைகளையும் குறைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கடை பிடித்துப்போனது. ஆனால் குறைவாக வாங்கினார்கள். 2011-இல் ஆயிரக்கணக்கான பொருள்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று, பேலட்டுகளும் நடுப்பாதைக்குத் திரும்பின. என்னைக் கேட்டால், கடையை மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். வாடிக்கையாளர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது வேறு, கூடை நிறைவது வேறு. இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

படி 2: அசையாதவற்றை முதலில் குறியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எதை எங்கே வைக்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அனுபவசாலிகள் எதைத் தொடவே முடியாது என்பதில் ஆரம்பிப்பார்கள்.

ஒரு வால்மார்ட் சூப்பர்சென்டர் சராசரியாக 1,80,000 சதுர அடிக்கு நெருக்கமாக இருக்கும். அவ்வளவு இடத்திலும் உண்மையில் சுதந்திரமாக நகர்த்தக்கூடியது நடுப்பகுதிதான். கூரையைத் தாங்கும் தூண்கள் நகராது. சரக்கு லாரி வந்து நிற்கும் டாக் நகராது. கழிவறை நகராது. மருந்துப் பிரிவைச் சுவரும் பூட்டும் உரிம விதிகளும் கட்டிப்போட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது குளிர்பதனப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கம்ப்ரெசருக்குச் செம்புக் குழாய் போகிறது. பெட்டியில் சேரும் தண்ணீர் தரைக்குள் புதைத்த வடிகாலுக்குப் போகிறது. பெட்டியைப் பத்தடி தள்ளி வைக்க வேண்டும் என்றால் காங்கிரீட் தரையை அறுக்க வேண்டும், குழாயை நீட்ட வேண்டும், மறுபடி பூச வேண்டும். அதனால்தான் எத்தனை ரீமாடல் நடந்தாலும் பாலும் இறைச்சியும் சுவரோரமாகவே இருக்கின்றன. பாலைக் கடைக்கோடியில் வைப்பது நம்மைக் கடை முழுக்க நடக்க வைக்கத்தான் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பால் பெட்டியின் முதுகுப்புறம் குளிர் அறையோடு ஒட்டியிருக்கிறது, ஊழியர்கள் பின்னாலிருந்தே பாட்டிலைத் தள்ளி நிரப்புகிறார்கள், அந்தக் குளிர் அறை டாக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

அப்புறம் சட்டம். அவசர வழிகளை ஒரு இரவுகூட அடைக்கக் கூடாது. கூரையிலிருக்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே 18 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். அலமாரியின் உயரத்தைக் கூட்டும்போது இதை மறந்துவிடுவார்கள். புதிதாகச் சுவர் எழுப்பினால் ஸ்பிரிங்க்ளர்களையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி போக, நடைவழி 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கட்டடம் பழசாக இருந்து, தரையில் 9 அங்குலச் சதுர ஓடுகள் தென்பட்டால், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனை முடிவு வரும்வரை ஓர் ஓடுகூடப் பெயர்க்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் வரைபடத்தில் சிவப்பு மையில் குறியுங்கள். மீதி இருக்கும் வெள்ளைப் பகுதிதான் உங்கள் ஆடுகளம்.

படி 3: இரண்டு வரைபடங்கள்

அலமாரி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது ஒரு வரைபடம். அலமாரியின் எந்தத் தட்டில் எந்தப் பொருள், முன்வரிசையில் அது எத்தனை தெரிய வேண்டும் என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதைப் பிளானோகிராம் என்பார்கள். வால்மார்ட் ஊழியர்கள் பேச்சில் அது 'மாட்'.

இருபக்கமும் தட்டுகள் உள்ள தனி அலமாரிக்கு கோண்டோலா என்று பெயர். பெரும்பாலும் 4 அடி நீளத் துண்டுகளாக இணைத்து நீளமான வரிசையாக்குவார்கள். வரிசையின் முனையில் நிற்பது எண்ட்கேப். அமெரிக்கக் கடைகளில் ஒமாஹாவைச் சேர்ந்த லோசியர், டெக்சாஸைச் சேர்ந்த மேடிக்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கோண்டோலாக்களை அதிகம் பார்க்கலாம். பழைய அலமாரி வாங்குகிறவர்கள் ஒரே நிறுவனத்தின் பாகங்களாகப் பார்த்து வாங்குங்கள். கலந்து வாங்கினால் கொக்கி சரியாக உட்காராமல் தட்டு ஆடும்.

தாளில் ஒத்துவரும் அளவு தரையில் ஒத்துவராது. கட்டடம் கட்டியபோது போட்ட வரைபடத்துக்கும் இன்றைய கடைக்கும் நடுவே எத்தனையோ சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்திருக்கும். நாடா பிடித்து ஒவ்வொரு தூணையும் அளந்த பிறகுதான் வரைபடத்தை நம்ப வேண்டும்.

படி 4: காலி இடத்தை உண்டாக்குங்கள்

சரி, கடை முழுக்கச் சரக்கு. காலி இடம் எங்கிருந்து வரும்?

பெருங்கடைகளில் இதற்கு விடை, பருவகாலப் பிரிவு. கிறிஸ்துமஸ் மரமும் அலங்கார விளக்கும் இருந்த பெரிய பரப்பு ஜனவரியில் வெறுமையாகிவிடும். வெயில்காலச் சரக்கு வந்து நிரம்பும்வரை அது குழுவின் கையில். அதனால்தான் பல ரீமாடல்கள் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கின்றன. நவம்பர், டிசம்பரில் யாரும் எதையும் தொட விரும்ப மாட்டார்கள், ஆண்டு வியாபாரத்தின் உச்சம் அப்போதுதான்.

அது போதாவிட்டால் வேறு மூன்று வழிகள் உண்டு. கடைக்குப் பின்னால் சரக்குப் பெட்டகங்களை வாடகைக்கு நிறுத்தி மெதுவாக விற்கும் பொருள்களை அதில் ஏற்றலாம். நகர்த்தப்போகும் பிரிவுகளுக்கு வரும் ஆர்டரைச் சில வாரங்களுக்கு முன்பே குறைத்துக்கொள்ளலாம். தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். மூன்றையும் ஒன்றாகச் செய்த கடைகளில்தான் வேலை சொன்ன தேதியில் முடிந்தது.

இப்போது நகர்த்தும் வரிசையை எழுதுங்கள். ஓர் உதாரணம்: பொம்மைப் பிரிவு காலியான பருவகாலப் பரப்புக்குப் போகிறது. பொம்மை இருந்த இடம் காலி. அங்கே தரை வேலை, விளக்கு வேலை, பெயின்ட் முடிகிறது. முடிந்த இடத்துக்குப் படுக்கை விரிப்புகள் வருகின்றன, அதுவே அவற்றின் நிரந்தர இடம். இப்போது விரிப்பு இருந்த இடம் காலி. அங்கே வேலை முடிந்ததும் சமையல் பாத்திரங்கள் வருகின்றன. இப்படியே காலி இடம் கடையைச் சுற்றிவரும்.

வரிசையை எழுதும்போது ஒரு விதியை விடாதீர்கள்: எந்தப் பிரிவும் இரண்டு முறைக்கு மேல் நகரக் கூடாது. தற்காலிக இடத்துக்கு ஒரு முறை, நிரந்தர இடத்துக்கு ஒரு முறை. முடிந்தால் ஒரே முறை. மூன்றாவது முறை நகர்த்த வேண்டி வந்தால் வரிசையில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். தாளில் ஒரு மணி நேரம் செலவழித்தால் தரையில் ஒரு வாரம் மிச்சம்.

இந்தியப் பொருள்கள் விற்கும் கடைகளுக்குப் பருவகாலப் பிரிவு கிடையாது. அங்கே காலி இடமாக மாறக்கூடியது அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் பரப்புதான். அலமாரி இல்லை, பேலட்டோடு இழுத்துவிடலாம். இரண்டு வாரம் மூட்டைகளை வாசலோரமாக அடுக்கினால் நடுவில் கணிசமான இடம் கிடைக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் கைவைக்காதீர்கள்.

படி 5: இரவு வேலை

2020 மார்ச்சுக்கு முன்பு பல வால்மார்ட்கள் 24 மணி நேரமும் திறந்திருந்தன. அப்போது இரவிலும் வாடிக்கையாளருக்கு வழிவிட்டபடியே வேலை செய்ய வேண்டும். கொரோனாக் காலத்தில் இரவில் மூடத் தொடங்கியவை பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. ரீமாடல் குழுவுக்கு இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணிவரை முழுக் கடையும் கிடைக்கிறது.

பார்த்தவுடன் ஆச்சரியப்படுத்துவது, அலமாரியைச் சரக்கோடு நகர்த்தும் முறை. எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, மறுபடி பூட்டி, அடுக்குவதற்கு ஒரு இரவு போதாது. அதனால் அடித்தட்டை மட்டும் கழற்றிவிட்டு, கோண்டோலாவின் கால்களுக்குக் கீழே சக்கரம் வைத்த ஜாக்குகளைச் செருகுவார்கள். ஒரே சீராக முறுக்கி வரிசை முழுவதையும் ஒன்றிரண்டு அங்குலம் தூக்குவார்கள். பிறகு எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால், சூப் டப்பாக்கள் அடுக்கியபடியே பல அடி நீள அலமாரி மெல்ல ஊர்ந்து போகும். தேர் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் உடனே புரியும். ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் குரலுக்கு மட்டும்தான் தள்ள வேண்டும்.

தூக்குவதற்கு முன்:

- மேல்தட்டில் இருக்கும் கனமான பொருள்களையும் கண்ணாடிப் பாட்டில்களையும் இறக்குங்கள். அலமாரி கவிழ்வது மேல்பாரத்தால்தான்.
- போகும் பாதையைப் பெருக்குங்கள். ஒரு சின்னத் திருகாணி போதும், சக்கரம் சட்டென்று நின்று அலமாரி குலுங்கிவிடும்.
- மின் இணைப்பு உள்ள வரிசையா என்று பாருங்கள். விளக்கு வைத்த அழகுசாதன அலமாரிகளில் கம்பி தரைக்கோ கூரைக்கோ போகும்.
- புதிய இடத்தில் சாக்பீஸ் கோடு அடித்து முடித்திருங்கள்.

கோடு அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கடையில் நாங்கள் பக்கச் சுவரிலிருந்து அளந்து கோடு போட்டோம். சுவர் நேராக இருக்கும் என்று நம்பிவிட்டோம். முன்பக்கம் சரியாக இருந்த நடைவழி, பின்பக்கம் போகப் போக ஒடுங்கி, கடைசியில் 36 அங்குலத்துக்கும் குறைந்துவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு அதைக் கண்டுபிடித்தோம். ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். நான்கு வரிசைகளைத் திரும்பத் தூக்கினோம். அன்றிலிருந்து நான் தூண் வரிசையிலிருந்துதான் அளக்கிறேன்.

அலமாரி போய்ச் சேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கணினியில் அந்தப் பொருள்களின் முகவரியை அதே இரவில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காலை ஏழு மணிக்கு இணைய ஆர்டர் எடுக்க வரும் ஊழியர் பழைய இடத்துக்கே போவார், பொருள் இல்லை என்று பதிவு செய்வார், வாடிக்கையாளருக்கு மாற்றுப் பொருளோ மன்னிப்போ போகும். பொருளோ இருபதடி தள்ளி நிறையவே இருக்கும். முகவரி மாற்றும் வேலைக்கு ஒருவரைத் தனியாக ஒதுக்குங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள்.

படி 6: தரையும் வெளிச்சமும்

பழைய பெருங்கடைகளில் வெள்ளை வினைல் ஓடுகள் இருக்கும். அவற்றை அடிக்கடி மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும். இப்போது பலர் ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, கீழே இருக்கும் காங்கிரீட்டையே தேய்த்து மெருகேற்றிவிடுகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் பழைய ஓடுகளின் கட்டம் நிழல் போல லேசாகத் தெரியும். அடுத்த முறை அப்படிப்பட்ட கடைக்குப் போனால் கீழே குனிந்து பாருங்கள். பழைய சுவர் இருந்த தடம், ஆணி அடித்த துளை, நிரப்பிய வடிகால், எல்லாம் தரையில் எழுதியிருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தப் பிரிவு எங்கே இருந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

தேய்க்கும்போது வரும் தூசிக்குத் தரையிலிருந்து கூரைவரை பிளாஸ்டிக் திரை கட்டுங்கள், உணவுப் பிரிவுப் பக்கம் இரண்டு அடுக்காக. குழல் விளக்குகளை எல்இடியாக மாற்றுவதையும், இடம் காலியாக இருக்கும் அதே நேரத்தில் முடித்துவிடுங்கள். அலமாரி வந்து நின்ற பிறகு, ஆளை உயரே தூக்கும் வண்டி உள்ளே நுழையாது.

படி 7: அடுக்குவது

இதை ரீசெட் என்பார்கள். பிளானோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தட்டிலிருந்து மேலே போங்கள். முதலில் எல்லாத் தட்டுகளின் உயரத்தையும் சரிசெய்யுங்கள், பிறகு விலைப் பட்டை, பிறகுதான் பொருள். பொருளை முதலில் அடுக்கினால் தட்டின் உயரத்தை மாற்ற மறுபடி இறக்க வேண்டி வரும். வால்மார்ட் 2024-இல், 2026-க்குள் 2,300 கடைகளில் மின்னணு விலைப் பட்டைகளைப் பொருத்துவதாக அறிவித்தது. தாள் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து மாற்றிய கைகளுக்கு அது பெரிய நிம்மதி.

எண்ட்கேப்களைக் கடைசியாக நிரப்புங்கள்.

படி 8: காசாளர் பகுதி

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற ஆசைப்படாதீர்கள். பாதியைத் திறந்து வைத்து மறுபாதியை மாற்றுங்கள். கம்பிகளைத் தரையில் புதைப்பதைவிடக் கூரையிலிருந்து இறக்குவது நல்லது, ஏனென்றால் இந்தப் பகுதி மறுபடி மாறும். வாடிக்கையாளரே ஸ்கேன் செய்யும் இயந்திரங்களைச் சில ஆண்டுகள் கூட்டிக்கொண்டே போனார்கள். பிறகு 2024 மார்ச்சில் டார்கெட் பெரும்பாலான கடைகளில் அவற்றைப் 10 பொருள்களுக்குள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்து, ஆள் நிற்கும் கவுன்ட்டர்களை அதிகம் திறந்தது.

படி 9: வாடிக்கையாளரைக் கைவிடாதீர்கள்

ரீமாடல் நடக்கும் வாரங்களில் வயதானவர்கள்தான் அதிகம் சிரமப்படுவார்கள். பல ஆண்டுகளாகக் கால் பழகிய பாதை அது. ஒரு பாட்டி தன் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியை வாங்க மூன்று முறை கடையைச் சுற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கம்பீரமான புதுப் பலகைகளைவிட, வாசலில் நின்று வழி சொல்லும் ஒரு மனிதர் அவருக்குத் தேவை. எது எங்கே போயிருக்கிறது என்று எழுதிய ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு நாளும் புதிதாக அச்சடித்துக் கொடுங்கள். நேற்றைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.

முந்தைய இடத்தில் "இங்கே இருந்தது அங்கே போயிருக்கிறது" என்று ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். முக்கியமாகத் தேடப்படும் பொருள்களுக்காவது செய்யுங்கள்: பால் பொடி, குழந்தை டயப்பர், மருந்து, பேட்டரி.

வேலை எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மாதம் எல்லா ஊழியர்களின் பையிலும் சின்ன நோட்டு இருக்கட்டும். "இது எங்கே?" என்று யார் எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே பொருளைப் பலரும் கேட்டால் அதன் இடம் தவறு. பலகை வைத்துச் சமாளிக்காமல் பொருளை நகர்த்துங்கள். அலமாரிகள் இன்னும் புதிது, ஜாக்குகள் இன்னும் பின்னறையில்தான் இருக்கின்றன.

அப்புறம், முதலில் உண்டாக்கிய அந்தக் காலி இடம் கடை முழுக்கச் சுற்றிவிட்டு, தொடங்கிய பருவகாலப் பரப்புக்கே வந்து சேர்ந்திருக்கும். ஒரு இரவு லாரியிலிருந்து வெயில்காலச் சரக்குகள் அங்கே இறங்கும். அவற்றை அடுக்கி முடித்ததும் குழுவைக் கலைத்துவிடலாம்.